தகட்டுச் சேவையகமும் சேமிப்பு ஆளியும்: எட்டுப் பிற்றுகளின் வரலாறு

தொழினுட்ப வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேகத்தையும் கொள்ளளவையுமே அளவுகோலாகக் கொள்கின்றனர். ஆயின், ஒரு சாதனத்தின் போக்கை அதன் ஆரம்ப வரைவில் இடம்பெற்ற சிறியதொரு தீர்மானமே நிருணயித்துவிடுவதும் உண்டு. பெருநிறுவனக் கணினிக் கூடங்களிற் பயன்பட்ட சேமிப்பு வலையமைப்பு ஆளிக்கூறுகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1990களின் நடுப்பகுதிவரை வட்டுகள் பெரும்பாலும் தத்தம் கணினியோடு ஸ்கசி வடத்தினால் நேரடியாகவே பிணைக்கப்பட்டிருந்தன. ஒரு கணினியின் வட்டிற் பெரும்பகுதி வெறுமையாய்க் கிடக்க, அடுத்த கணினி இடமின்றி இடர்ப்படும் நிலை இதனால் உண்டாயிற்று. 1988 இல் தொடங்கிய முயற்சியின் பயனாக, 1994 இல் பைபர் சனல் நியமம் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. 1995 இல் தோன்றிய புறோகேட் முதலிய நிறுவனங்கள் ஆளிகளைச் சந்தைப்படுத்தவே, பல கணினிகள் வட்டுத்தொகுதிகளைப் பொதுவாகப் பகிரும் வலையமைப்பு உருப்பெற்றது.

இந்நியமத்தின்படி ஒவ்வொரு முகவரியும் 24 பிற்றுகளைக் கொண்டது. அவற்றுள் முதல் எட்டும் ஆளியைச் சுட்டுவன. ஒதுக்கப்பட்ட எண்கள் நீங்க, ஒரு வலையமைப்பில் 239 ஆளிகளே இடம்பெறலாம். பேராளிகள் சிலவே இருந்த காலத்தில் இத்தொகை மிகையானதாகவே தோன்றியது.

நிலைமையை மாற்றியவை தகட்டுச் சேவையகங்களாகும். 2001 இல் ஆர்.எல்.எக்ஸ். நிறுவனமும், 2002 இல் ஐ.பி.எம். நிறுவனமும் இவற்றை வெளியிட்டன. 2006 இல் எச்.பி. வெளியிட்ட பேழையொன்றில் 16 சேவையகங்கள் அடங்கின. பாதுகாப்பின் பொருட்டு ஒவ்வொன்றுக்கும் இரு பாதைகள் வேண்டுமெனின் 32 வடங்கள் தேவைப்படும். பேழையின் பின்புறத்தே ஆளிக்கூறுகள் இரண்டைச் செருகியதும் வெளிச்செல்லும் வடங்கள் ஒரு சிலவாகக் குறைந்தன.

ஆயினும், வடத்தில் மிச்சம்பிடித்தது முகவரியிற் செலவாயிற்று. ஒவ்வொரு கூறும் முழுமையான ஆளியாதலின், பேழை ஒன்று சேருந்தோறும் வலையமைப்பு ஓர் ஆளியெண்ணை இழந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் ஆளிகள் தம்முள் இசைந்து இயங்குவதும் அரிதாயிருந்தது. பேழை சேவையகப் பிரிவினரின் பொறுப்பிலும், அதனுள் இருந்த ஆளி சேமிப்புப் பிரிவினரின் பொறுப்பிலும் அமைந்தமையால், அதிகார எல்லை பற்றிய பிணக்குகளும் எழுந்தன.

இதற்குக் காணப்பட்ட தீர்வு விந்தையானது. 2000களின் பிற்பகுதியில் ஆளிக்கூறு ஆளியாக இயங்குவதையே கைவிட்டது. ஒரே துறைக்குப் பல முகவரிகளை வழங்கும் முறையைத் துணைக்கொண்டு, அது வலையமைப்பின் முன் ஒரு சாதாரணக் கணினி போலத் தோற்றமளித்தது. தனக்கென ஆளியெண் எதனையும் கோரவில்லை. எட்டுப் பிற்றுகளை விரிக்க இயலாத நிலையில், கூறு தன்னைச் சுருக்கிக்கொண்டது.

நியமமொன்றை வகுப்போர் தம் காலத்துத் தேவையையே காண்கின்றனர். அதன் எல்லைக்குள் வாழ நேர்வோரோ பின்வருவோர். இவ்வுண்மை கணினித்துறைக்கு மட்டும் உரியதன்று.