கடைக்கு விழுந்த 'ஒரு ஸ்டார்'... கூகுள் ரிவ்யூவை நீக்க முடியுமா? கடைக்காரர் என்ன செய்யலாம்?

புது ஊருக்குப் போனா, 'பக்கத்துல நல்ல மெஸ் எங்கே இருக்கு?'ன்னு முன்னாடி ஆட்டோ ஸ்டாண்டில் கேட்போம். இப்போ கூகுள் மேப்பைத் திறக்கிறோம். டூவீலர் மெக்கானிக், பியூட்டி பார்லர், டைலர் கடை, பல் மருத்துவர் என எதைத் தேடினாலும் முதலில் கண்ணில் படுவது ஸ்டார்தான். 4.6 இருந்தா உள்ளே போவோம், 3.2ன்னா அடுத்த கடை.

இதில் அதிகம் அடிபடுவது சின்னக் கடைகள். ஒரு மெஸ்ஸுக்கு மொத்தமே 9 ரிவ்யூ, எல்லாமே 5 ஸ்டார்னு வைத்துக்கொள்வோம். பத்தாவதாக ஒருவர் 1 ஸ்டார் போட்டால் சராசரி 4.6 ஆகிவிடும். அதை 4.9க்குக் கொண்டுவர இன்னும் 30 பேர் 5 ஸ்டார் போட வேண்டும். ஏற்கெனவே 500 ரிவ்யூ உள்ள பெரிய ஓட்டலில் அதே 1 ஸ்டார் தெரியக்கூட தெரியாது.

கடைக்காரரே நீக்க முடியுமா?

முடியாது. கடை உங்களுடையதாக இருந்தாலும், வாடிக்கையாளர் எழுதியதை அழிக்கும் பட்டன் உங்களுக்குக் கிடையாது. 'பணம் கொடுங்க, கெட்ட ரிவ்யூவைத் தூக்கிடுறோம்' என்று யாராவது போன் செய்தால் நம்ப வேண்டாம். நீக்குவது கூகுளின் கையிலும், எழுதியவரின் கையிலும்தான் இருக்கிறது.

உங்களால் இரண்டு விஷயம் செய்ய முடியும்: பதில் எழுதலாம், புகார் செய்யலாம். பதில் எழுத 'கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்' உங்கள் பெயரில் இருக்க வேண்டும். 2021 வரை 'கூகுள் மை பிசினஸ்' என்ற பெயரில் இருந்த அதே இலவச சேவைதான். மேப்பில் பல கடைகளை வேறு யாரோ சேர்த்திருப்பார்கள், உரிமையாளர் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். முதலில் அதைக் கிளெய்ம் செய்து, வெரிஃபை செய்யுங்கள்.

எதைப் புகார் செய்யலாம்?

'சாம்பாரில் உப்பு அதிகம், சர்வீஸ் லேட்' என்பது வாடிக்கையாளரின் கருத்து. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக கூகுள் அதை நீக்காது. ஆனா ஆபாசம், சாதி, மதம் சார்ந்த வெறுப்பு, கடைக்கே சம்பந்தமில்லாத அரசியல், போட்டிக் கடைக்காரர் எழுதியது, வேலையை விட்டுப் போன ஊழியர் எழுதியது, போலிக் கணக்கு போன்றவை விதிமீறல். அந்த ரிவ்யூ பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் புகார் செய்யும் வசதி வரும். முடிவு தெரிய சில நாட்கள் ஆகலாம். நிராகரித்துவிட்டால் மேல்முறையீடு செய்யவும் வழி இருக்கிறது.

பதில் யாருக்கு எழுதுறோம்?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். திட்டி எழுதியவர் திரும்ப வரலாம், வராமலும் போகலாம். ஆனா அந்த ரிவ்யூவை நாளைக்கு உங்கள் கடையைத் தேடும் ஒவ்வொருவரும் படிப்பார்கள். கூடவே உங்கள் பதிலையும் படிப்பார்கள். பதில் அவர்களுக்காகத்தான்.

'நீ எங்க கடைக்கே வரல, போட்டிக் கடைக்காரன் ஆளு' என்று எழுதினால், அது உண்மையாகவே இருந்தாலும் படிப்பவருக்குக் கடைக்காரரின் கோபம்தான் தெரியும். அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: 'ஞாயிறு மதியம் கூட்டம் அதிகமா இருந்ததால் உங்களைக் காக்க வைத்துவிட்டோம், மன்னிக்கணும். இப்போ பார்சலுக்குத் தனி கவுன்ட்டர் போட்டிருக்கோம்.' என்ன நடந்தது, என்ன மாற்றினோம் என்ற இரண்டும் இதில் இருக்கிறது. மாற்றாததை மாற்றியதாக மட்டும் எழுதக் கூடாது. அடுத்த ரிவ்யூவிலேயே குட்டு உடைந்துவிடும்.

வந்தாரா இல்லையா என்றே தெரியாத ஆளா? 'இந்தப் பெயரில் எங்கள் பில்லில் பதிவு இல்லை. தேதி சொன்னால் பார்க்கிறோம், கடை எண்ணுக்கு அழையுங்கள்' என்பது போதும். அவர் திரும்ப அழைக்காவிட்டால், படிப்பவர்களே புரிந்துகொள்வார்கள். கோபம் இருக்கும்போது டைப் பண்ணாதீங்க, மறுநாள் காலை எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது. எழுதிய பதிலைப் பிறகு திருத்தவும் முடியும்.

கிளினிக் நடத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நோயாளி என்ன குறை சொன்னாலும், அவருக்கு என்ன நோய், என்ன சிகிச்சை என்று பொதுவெளியில் பதில் எழுதக் கூடாது.

காசு கொடுத்து 5 ஸ்டார் வாங்கலாமா?

'5 ஸ்டார் போட்டா பில்லில் 10 சதவீதம் தள்ளுபடி' என்ற போர்டை பல கடைகளில் பார்க்கலாம். கூகுள் விதிப்படி இது தவறு. திருப்தியான வாடிக்கையாளரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்பதும் தவறுதான். பிடிபட்டால் குறிப்பிட்ட காலத்துக்குப் புது ரிவ்யூ வராமல் முடக்கலாம். போலி ரிவ்யூக்கள் நீக்கப்பட்டன என்ற அறிவிப்பு உங்கள் ப்ரொஃபைலிலேயே வரலாம். எல்லோரிடமும் பொதுவாகக் கேட்பதில் தப்பில்லை. பில் கவுன்ட்டரில் கியூஆர் கோடு ஒட்டி வைக்கலாம்.

இந்தியாவில் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென ஐஎஸ் 19000 என்ற தரநிலையை பிஐஎஸ் 2022 நவம்பரில் வெளியிட்டது. காசு கொடுத்து வாங்கும் ரிவ்யூக்களை வெளியிடக் கூடாது என்கிறது அது. ஆனா அதைப் பின்பற்றுவது கட்டாயம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 'வீட்டிலிருந்தே மேப்பில் ரேட்டிங் போட்டால் பணம்' என்று வாட்ஸ்அப், டெலிகிராமில் ஆள் பிடிக்கும் கும்பல்கள் உண்டு. முதலில் சில நூறு ரூபாய் கொடுத்து ஆசை காட்டிவிட்டு, பிறகு 'டாஸ்க்' என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் கறந்துவிடுவார்கள்.

மிரட்டல் வந்தால்?

ஒரே இரவில் அறிமுகமே இல்லாத பெயர்களில் பத்து, இருபது ஒரு ஸ்டார் விழும். அடுத்து வாட்ஸ்அப்பில், 'பணம் அனுப்பினால் எடுத்துவிடுகிறோம்' என்று செய்தி வரும். பணம் அனுப்பாதீங்க, ஒருமுறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். ரிவ்யூக்கள், சாட், எதிர்முனை எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இத்தகைய மிரட்டலைப் புகார் செய்ய கூகுளில் தனிப் படிவம் இருக்கிறது. பணம் கேட்டு மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 308வது பிரிவின்படி குற்றம் என்பதால், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம். ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான், பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கும்.