சாந்தோம் கோடு

வெண்ணந்தூர் தறிக்காரரைக் கேளுங்கள், ‘கோடு பாவிலேயே முடிவாயிடுங்க’ என்பார். இழையின் நிறத்தை மாற்றிப் பாவு ஓட்டினால் போதும். அந்தச் சாதாரணக் கோடு ஜப்பானையே கிறங்கடித்தது, தெரியுமா?

1641 முதல் அந்த நாட்டில் ஐரோப்பியர் என்றால் டச்சுக்காரர்கள் மட்டும்தான். அவர்களுக்கும் நாகசாகியில் டெஜிமா என்ற துளியூண்டு தீவுதான் இடம். அவர்கள் கப்பலில் போன நம் சோழமண்டலக் கரைப் பருத்திக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ‘சாந்தோமே-ஜிமா’. ‘ஜிமா’ என்றால் கோடு, சாந்தோமே? நம்ம மயிலாப்பூர் சாந்தோமேதான்!

எடோ (இன்றைய டோக்கியோ) வியாபாரிகளிடம் காசு கொழித்தது. ஆனால் பட்டில் பகட்டுக் காட்ட அரசாங்கம் விடாது. பருத்திக் கோட்டை யார் தடுப்பது? கிமோனோவாகத் தைத்து மிடுக்காகத் திரிந்தார்கள்.

1859-ல் யோகோஹாமா திறந்தது. இங்கிலாந்து மில் நூல் வந்து இறங்க, கவாகோயே ஊர்க்காரர்கள் அதே கோட்டை அச்சு அசலாக, மலிவாக நெய்துவிட்டார்கள். இங்கே நம் நெசவாளி வயிற்றில் அடித்ததும் அதே மில் சரக்குதான்.