ஃபிரண்ட்பேஜ் சேர்வர் நீட்சிகள்

ஃபிரண்ட்பேஜ் சேர்வர் நீட்சிகள் என்பவை, மைக்ரோசொஃப்ட் ஃபிரண்ட்பேஜ் மென்பொருளில் கட்டிய இணையத்தளங்கள் முழுமையாக இயங்குவதற்கென ஹோஸ்டிங் நிறுவனங்கள் தம் சேர்வர்களில் நிறுவியிருந்த துணை நிரல்கள். 'ஃபிரண்ட்பேஜ் ஆதரவு உண்டு' என்ற வரி 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்து ஹோஸ்டிங் விளம்பரங்களில் தவறாமல் இருக்கும். இன்று அந்த ஆதரவு கிடைப்பது அரிது.

ஃபிரண்ட்பேஜை உருவாக்கியது மைக்ரோசொஃப்ட் அல்ல. சார்ல்ஸ் ஃபெர்குசனும் ரேண்டி ஃபோர்கார்டும் 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய வெர்மீர் டெக்னொலஜீஸ் 1995இல் அதை வெளியிட்டது. 1996 ஜனவரியில் மைக்ரோசொஃப்ட் அந்த நிறுவனத்தை ஏறத்தாழ 13 கோடி டொலருக்கு வாங்கியது. நீட்சிகள் சேர்வரில் உண்டாக்கும் கோப்புறைகளின் பெயரில் வரும் 'விடிஐ' என்ற மூன்றெழுத்து வெர்மீரின் சுருக்கம்தான். உரிமை கைமாறிய பிறகும் அதை யாரும் மாற்றவில்லை.

வேர்டில் கடிதம் தட்டத் தெரிந்தவர் நிரல்மொழி அறியாமலே தளம் கட்டலாம் என்பதே ஃபிரண்ட்பேஜின் கவர்ச்சி. மாறிய பக்கங்களை மட்டும் அனுப்பும் வசதி தொலைபேசி வழி இணைப்புக் காலத்தில் பெரிய உதவி. ஆனால் வருகையாளர் எண்ணிக்கை, தளத்துக்குள் தேடல், படிவத்தில் நிரப்பியதைச் சேமித்தல் ஆகியவற்றை ஃபிரண்ட்பேஜ் பக்கத்துக்குள் எழுதுவதில்லை, நீட்சியிடம் ஒப்படைத்துவிடும். தளத்தின் உடல் கோப்புகளில், உயிர் சேர்வரில் என்றாயிற்று.

ஹோஸ்டிங் நிறுவனத்தாருக்கு இது ஓயாத தலைவலி. வாடிக்கையாளர் ஒருமுறை நீட்சியைத் தவிர்த்து, எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற வழியில் கோப்புகளை மாற்றினால் நீட்சி வைத்திருந்த கணக்கு குழம்பும். நீக்கி மீண்டும் நிறுவ வேண்டும். பாதுகாப்பு அதைவிட மோசம். கடவுச்சொற்களின் மறைகுறியீட்டு வடிவம் இருந்த கோப்பு, கவனக்குறைவான சேர்வர்களில் எவரும் இறக்கிக்கொள்ளும் நிலையில் கிடந்தது. 2003 நவம்பரில், வெளியாள் சேர்வரையே கைப்பற்றக்கூடிய ஓட்டை ஒன்றை மைக்ரோசொஃப்ட் அடைக்க நேர்ந்தது. 2000ஆம் ஆண்டிலோ, நீட்சிகளோடு வந்த கோப்பொன்றில் நெட்ஸ்கேப் பொறியாளர்களைக் கேலி செய்யும் வாசகம் தலைகீழாக எழுதப்பட்டிருந்தது அம்பலமானது. போட்டி நிறுவனத்தைத் திட்ட வாடிக்கையாளரின் சேர்வர்தானா கிடைத்தது!

நீட்சிகளின் கடைசிப் பதிப்பு 2002, ஃபிரண்ட்பேஜின் கடைசிப் பதிப்பு 2003. யுனிக்ஸ் சேர்வர்களுக்கான நீட்சிகளும் ஃபிரண்ட்பேஜும் 2006இல் கைவிடப்பட்டன. எக்ஸ்பிரஷன் வெப், ஷெயார்பொயின்ற் டிசைனர் ஆகியவை ஃபிரண்ட்பேஜின் இடத்தைப் பிடித்தன. 2014 ஏப்ரலில் ஃபிரண்ட்பேஜ் 2003க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றன.

ஃபிரண்ட்பேஜில் கட்டிய இலங்கைத் தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யுனிகோட் பரவுமுன் இங்கே பெரிதும் புழங்கியது பாமினி எழுத்துரு. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்றே தெரியும். ஆகவே இத்தகைய தளம் இரண்டு ஊன்றுகோல்களில் நின்றது: சேர்வரில் நீட்சி, வாசகர் கணினியில் பாமினி.

புத்தளம் கரையோரத்துப் பாடசாலை ஒன்றின் பழைய மாணவர் சங்கம் 2002இல் இப்படிக் கட்டிய தளத்தை இன்று வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். படங்களும் பக்கங்களும் நகர்ந்துவிடும். மேற்பகுதியின் பொதுத் தலைப்பும் வழிகாட்டிப் பட்டையும் பெரும்பாலும் பிழைக்கும், அவை பதிவேற்றுமுன்பே பக்கத்தில் எழுதப்பட்டவை. ஆனால் படிவத்தின் 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால் பிழைச் செய்திதான் வரும். படிவத்துக்கு வேறொரு நிரல் எழுத வேண்டும். எண்ணிக்கைப் பலகையைக் கழற்றிவிடலாம், அதனால் நட்டமில்லை. எழுத்தைப் பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றி, பக்கத் தலைப்பகுதியில் இருக்கும் பழைய மேலைநாட்டுக் குறிமுறை அறிவிப்பையும் மாற்ற வேண்டும். இரண்டாவதை மறந்தால் யுனிகோட் தமிழும் குப்பையாகவே தெரியும். அப்பாச்சி சேர்வராக இருந்தால், நீட்சிகள் கோப்புறைகளில் ஒளித்துவைத்த அமைப்புக் கோப்பையும் தேடி அழிக்க வேண்டும். அதில் எஞ்சும் ஒரு வரி, அதே இடத்தில் பின்னர் வேர்ட்பிரெஸ் நிறுவும்போது அதன் பக்கங்களை மறித்துவிடக்கூடும்.