சிபிலிஸ் விழிப்புணர்வு

பால்வினை நோயான சிபிலிஸின் அறிகுறிகள், பரவும் வழி, பரிசோதனை, சிகிச்சை ஆகியவற்றைப் பொதுமக்களுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் எடுத்துச் சொல்லும் பொதுச் சுகாதாரப் பணி. கிரந்தி, மேகப்புண் என்றும் அறியப்படும் இந்நோயை உண்டாக்கும் டிரிப்போனிமா பாலிடம் என்ற சுருள்வடிவ பாக்டீரியாவை 1905இல் பெர்லினில் ஷௌடின், ஹோஃப்மன் ஆகியோர் கண்டறிந்தனர். 1943இல் ஜான் மஹோனி பெனிசிலினால் இதைக் குணப்படுத்திக் காட்டினார். எனினும் 2022இல் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட சுமார் 80 இலட்சம் பேருக்கு இது புதிதாகத் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மருந்து இருந்தும் நோய் நீடிப்பதற்கு அறியாமையும் கூச்சமும் முக்கியக் காரணங்கள்.

மக்கள் அறிய வேண்டியவை

தொற்றிய சுமார் மூன்று வாரங்களில் வலியில்லாத புண் தோன்றும், மருந்தில்லாமலே ஆறிவிடும். நோய் போய்விட்டது என்று பலர் நம்பி ஏமாறுவது இங்கேதான். பிறகு உள்ளங்கை, உள்ளங்கால்களில் தடிப்புகள் வந்து மறையலாம். அதன்பின் ஆண்டுக்கணக்கில் அறிகுறியின்றி இருந்து இதயம், மூளை, கண் ஆகியவற்றைத் தாக்கலாம். பாலுறவு மூலமும் கருவுற்ற தாயிடமிருந்து சேய்க்கும் பரவும். பாத்திரம், உடை, கழிப்பறை வழியாகப் பரவாது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். துணைவரும் சிகிச்சை பெற வேண்டும். குணமானவருக்கும் மீண்டும் தொற்றலாம்.

மருத்துவப் பணியாளர்களின் பங்கு

தடிப்பைச் சாதாரண ஒவ்வாமை என்று கருதி அனுப்பிவிடுவது நேரக்கூடிய பிழை. கர்ப்பிணிகள் அனைவருக்கும் முதல் வருகையிலேயே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். தொற்று இருந்தால் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி தாயையும் கருவையும் காக்கும். தவறினால் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல், பிறவிச் சிபிலிஸ் நேரலாம். அமெரிக்காவில் 2012இல் 335ஆக இருந்த பிறவிச் சிபிலிஸ் 2022இல் 3,700ஐத் தாண்டியது. அவற்றுள் பத்தில் ஏறக்குறைய ஒன்பது, உரிய காலத்துப் பரிசோதனையாலும் சிகிச்சையாலும் தடுத்திருக்கக்கூடியவை. கடிந்து பேசாமல் இரகசியம் காப்பதும் சிகிச்சையின் பகுதியே. ஒருமுறை அவமதிக்கப்பட்டவர் மறுமுறை வரமாட்டார்.

இலங்கையின் சாதனை

தாய்–சேய்த் தொற்றை ஒழித்த முதல் நாடாகக் கியூபா 2015இல் அங்கீகாரம் பெற்றது. இலங்கை 2019இல் அதே நிலையை எட்டியது. இலவச மருத்துவமும், வீடுதேடிச் சென்று கர்ப்பிணிகளைக் கவனிக்கும் மருத்துவ மாதுக்களின் உழைப்பும் அதற்கு அடித்தளம்.

இந்தியாவில் 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பால்வினை நோய்கள் பற்றி ஆலோசனை பெறலாம். ஐயம் இருப்பவர்கள் காலம் தாழ்த்தாமல் பரிசோதித்துக்கொள்வதே தமக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு.