கம்பியில்லா வலையமைப்பு: தனியுரிமை வேகமும் பொதுத் தரமும்

கம்பியில்லா வலையமைப்புக் கருவிகளுள், வெளியிடப்பட்ட நெறிமுறைப்படி எந்த நிறுவனமும் செய்து விற்கக்கூடியவை பொதுத் தரக் கருவிகள் எனப்படும். ஒரு சில்லுத் தயாரிப்பாளர் தமக்கென வகுத்துக்கொண்ட உத்தியால் கூடுதல் வேகம் தருபவை தனியுரிமைக் கருவிகள் எனப்படும். பின்னவற்றின் வேகம், ரௌட்டரிலும் கணினியின் அட்டையிலும் ஒரே உத்தி அமைந்திருந்தால்தான் கிட்டும்.

அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட அலைக்கற்றைகளைப் பரவல் நிறமாலை முறைக்கு உரிமமின்றித் திறந்துவிட்ட 1985-க்குப் பின், என்சிஆரின் வேவ்லான் போன்ற கருவிகள் தத்தம் வழியில் உருவாயின. ஒன்றன் அட்டை மற்றொன்றுடன் பேசாது. இதைத் தீர்க்க அமைந்த ஐஇஇஇ குழு 1997-இல் வெளியிட்ட முதல் 802.11 தரம், நொடிக்கு 2 மெகாபிட்டையே எட்டியது. 1999-இல் வந்த 802.11பி அதை 11 ஆக்கியது. கருவிகளின் ஒத்தியங்கும் திறனைச் சோதித்துச் சான்றளிக்க அதே ஆண்டில் தோன்றிய கூட்டமைப்பே பின்னர் வைஃபை அலையன்ஸ் எனப் பெயர் பெற்றது.

தரம் வகுப்போர் விவாதித்துக்கொண்டிருந்த இடைவெளியில்தான் தனியுரிமை வேகத்துக்குச் சந்தை பிறந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லுகள் 22 மெகாபிட் என்றன. 54 மெகாபிட் தரும் 802.11ஜி 2003 ஜூனில் இறுதியானதும் அதரோஸ் நிறுவனத்தின் ‘சூப்பர் ஜி’ 108 என்றது. பிராட்காமின் உத்தி 125 என்றது. இவை பெட்டியின் மேல் அச்சிட ஏற்ற எண்கள். தரவோடு ஒப்புகைச் செய்திகளும் காத்திருப்பு நேரங்களும் சேர்வதால், 54 என எழுதப்பட்ட இணைப்பிலேயே பயனருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 20 முதல் 25 மெகாபிட்தான். வேறு நிறுவனத்தின் அட்டை செருகிய மடிக்கணினிக்கோ 108-உம் 54-ஆகவே இறங்கியது.

சூப்பர் ஜியின் டர்போ முறை, இரு தடங்களை இணைத்து 40 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே தடமாக ஆறாம் தடத்தை நடுவாக வைத்து இயங்கியது. அமெரிக்காவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே என்பதால், அடுத்த வீட்டு வலையமைப்புக்கு ஒதுங்க இடமில்லாது போகும் என்று போட்டியாளரான பிராட்காம் 2003-இல் குற்றஞ்சாட்டியது. குற்றச்சாட்டில் வணிக நோக்கம் கலந்திருந்தாலும் அடிப்படை இயற்பியல் உண்மையே. பிராட்காமின் சொந்த உத்தி தடத்தை அகலப்படுத்தாமல், சட்டகங்கள் எனப்படும் தரவுப் பொதிகளை இடைவிடாது அடுத்தடுத்து அனுப்பி நேரத்தை மிச்சப்படுத்தியது.

2004-இல் ஏர்கோ சில்லுகளுடன் வந்த ‘பிரீ-என்’ ரௌட்டர்கள் தனித்துக் குறிப்பிடத்தக்கவை. பல ஆன்டெனாக்களைக் கொண்டு, சுவரில் பட்டுத் திரும்பும் அலைகளையும் தரவு சுமக்கப் பயன்படுத்திய மைமோ என்னும் அந்நுட்பம் வெறும் விளம்பர எண் அன்று. எனினும் பெயர்தான் அவசரப்பட்டது: 802.11என் தரம் அப்போது வரைவாகக்கூட வரவில்லை. பின்னாளைய என் கருவிகளோடு இவை பழைய ஜி வேகத்திலேயே பேசின. அலையன்ஸ் 2007 ஜூனில் இரண்டாம் வரைவுக்கே சான்றளிக்கத் தொடங்கியது. இறுதித் தரம் 2009 செப்டம்பரில் ஏற்கப்பட்டது.

அத்தரம் மைமோவையும் தட இணைப்பையும் தனதாக்கிக்கொண்டது, ஆயினும் 2.4 கிகாஹெர்ட்ஸில், அண்டை வலையமைப்புக்கு இடையூறு நேருமெனத் தெரிந்தால் கருவி 20 மெகாஹெர்ட்ஸுக்குச் சுருங்க வேண்டும் என்ற விதியையும் உடன் சேர்த்தது.