தனியொருவரின் பத்து இராகங்கள்

காவிரியின் வடகரையில் முசிறிக்கு மேற்கே அமைந்தது தொட்டியம். முசிறி சுப்பிரமணிய அய்யரின் பெயரால் இசையுலகம் அறிந்த வட்டாரம் இது. இங்கே பாட்டுப் பயிலும் பிள்ளைகளுக்கு இன்று தம்புரா மீட்ட ஆள் தேவையில்லை. கையகலச் சுருதிப் பெட்டியை மின்னிணைப்பில் செருகினால் போதும். ஆளின்றி ஒலிக்கும் அந்த ஆதார சுருதியைக் கேட்கும்போதெல்லாம், துணை வாத்தியக்காரர் எவருமின்றித் தனியே ஓர் இசைத்தட்டை உருவாக்கிய பம்பாய்க் கலைஞர் ஒருவர் நினைவுக்கு வருகிறார்.

அவர் பெயர் சரண்ஜித் சிங். 1940இல் பிறந்தவர், இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் கிட்டாரும் மின்னணு விசைக்கருவிகளும் வாசித்துப் பிழைத்தவர். படத்தின் பெயர்ப் பட்டியலில் இடம்பெறாத உழைப்பு அது. சிங்கப்பூரில் வாங்கிவந்த மூன்று ஜப்பானியக் கருவிகளைக் கொண்டு 1982இல் அவர் துணிந்தார். ரோலண்டு நிறுவனத்தின் டி.ஆர்.-808 தாளம் தந்தது, டி.பி.-303 கீழ்ச்சுரங்களைச் சுழற்றியது. ஜூப்பிட்டர்-8 சிந்தசைசரில் அவர் விரல்கள் இராகம் பாடின. தபலாவை விலக்கி, அக்காலத் திரையிசையை ஆண்ட டிஸ்கோ தாளத்தை வைத்தார். எச்.எம்.வி. வெளியிட்ட அத்தட்டில் பத்து இராகங்கள். பூபாளி நம் மோகனம், மால்கௌன்ஸ் இந்தோளம், யமன் கல்யாணிக்கு உறவு, பைராகி நம் ரேவதி.

டி.பி.-303 தனியாக வாசிப்போருக்குப் பாஸ் கிட்டார் துணையாகவே செய்யப்பட்டது. அதில் கிட்டாரின் குரல் வரவில்லையென்று வாங்குவோர் குறைந்தனர். 1984இல் உற்பத்தியும் நின்றது. ஆனால் ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்துக்கு வழுக்கிச் செல்லும் ஆற்றல் அதற்கு உண்டு. பதினாறு படிகளில் சுரங்களை ஒவ்வொன்றாகப் பதிந்துவைத்தால் ஓயாது சுழலும். இந்துஸ்தானியர் மீண்டு என்றும் நாம் ஜாரு என்றும் சொல்லும் அசைவுக்கு அவ்வழுக்கல் எவ்வளவு அண்மையானது! ஆயினும், வேகம் மாறாத தாளத்தின்மேல் மால்கௌன்ஸ் தன் கம்பீரத்தைச் சற்றே இழக்கிறது என்பது என் கருத்து.

தட்டு விலைபோகவில்லை. சிங்கும் பழைய பிழைப்புக்கே திரும்பினார்.

1987இல் சிகாகோ நகரில் பியூச்சர் என்னும் குழு அதே டி.பி.-303இன் குமிழ்களைத் திருகித் திருகி ஓர் இசைப்பதிவை வெளியிட்டது. அதிலிருந்து ‘ஆசிட் ஹவுஸ்’ என்றொரு நடன இசைவகை மேலைநாடுகளில் பரவிற்று. நெதர்லாந்தைச் சேர்ந்த எடோ பௌமன் சிங்கின் தட்டைக் கண்டெடுத்து 2010இல் மறுபதிப்புச் செய்தபோது, கேட்டவர் திகைத்தனர்; சிகாகோவுக்கு ஐந்தாண்டு முன்பே பம்பாயில் அவ்வொலி எழுந்திருக்கிறதே என்றனர். அவரை அவ்விசையின் தந்தை என்று கொண்டாடியோரும் உண்டு. அது மிகை. சிகாகோ இளைஞர் அவரிடம் கற்றதாகச் சான்றில்லை. அவரும் புதுவகை இசையொன்றைத் தோற்றுவிக்க முனைந்தவரல்லர். இராகத்தைக் காலத்துக்கேற்ற தாளத்தில் வாசிக்க விரும்பினார், அவ்வளவே.

எழுபது வயதைக் கடந்தபின் ஐரோப்பிய மேடைகளில் அதே இராகங்களை வாசிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. எதிரே நின்று ஆடியோரில் பலர், அத்தட்டு வெளியான ஆண்டில் பிறந்திராதவர்கள். 2015 ஜூலையில் அவர் மும்பையில் காலமானார்.