முகாம் நிறைந்தது, பட்டியல் பொய்த்தது: கஜா புயலுக்குப் பின் அரசின்மீதான நம்பிக்கை

முன்னுரை

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. அதற்கு முன்பே சுமார் 80,000 பேர் முகாம்களுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க.ஸ்டாலினே முன்னெச்சரிக்கைப் பணிகளைப் பாராட்டினார். புயல் கடந்த மறுநாளே புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிந்தன. தொடர்ந்து காவிரி டெல்டாவில் பல இடங்களில் சாலை மறியல் நடந்தது; அமைச்சர்களின் கார்களை மறித்து மக்கள் கேள்வி கேட்டார்கள். பாராட்டும் சீற்றமும் இவ்வளவு நெருக்கத்தில் எழுந்தது எப்படி என்பதே இக்கட்டுரையின் வினா.

நிவாரணம் எவ்வளவு வந்தது என்பது முக்கியம்தான். ஆனால் யாருக்கு, எந்த அடிப்படையில் வந்தது என்பதை ஊர்மக்களால் சரிபார்க்க முடிகிறதா என்பதே நம்பிக்கையை அதைவிட அதிகமாகத் தீர்மானிக்கிறது. இதுவே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

1. எச்சரிக்கை: கடலோரத்தில் ஈட்டியது

கஜாவின் நகர்வைச் சில நாள்களுக்கு முன்பே வானிலை ஆய்வு மையம் அறிவித்துவிட்டது. 2004 ஆழிப்பேரலையைக் கண்ட கடலோரம் என்பதால், தண்டோராவும் ஒலிபெருக்கியும் சொன்னதை மக்கள் கேட்டார்கள். எச்சரிக்கைக்கு ஓர் இயல்பு உண்டு: அது ஆள் பார்ப்பதில்லை. பட்டா உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே முகாம், ஒரே சாப்பாடு. கேட்டு நடந்தவர்களின் உயிர் மிஞ்சியது. சொன்னவர்மீது நம்பிக்கையும் கூடியது.

ஆனால் புயல் கரை கடந்ததும் அடங்கிவிடவில்லை. வலு பெரிதும் குறையாமலே பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, ஆலங்குடி வட்டாரங்களைப் புரட்டிப் போட்டது. ஆயத்தம் பெரிதும் கடலோரத்தை மனத்தில் வைத்தே நடந்திருந்தது. பாராட்டு கடலோர முகாம்களுக்குக் கிடைத்தது. முதல் சீற்றம் உள்நாட்டுக் கிராமங்களில் எழுந்தது. இடத்தைப் பிரித்துப் பார்த்தால் முரண்பாட்டின் பாதி அவிழ்ந்துவிடுகிறது.

2. வருகை: தீரக்கூடிய கோபம்

முதல் சில நாள்களில் எழுந்த குரல் ஒன்றுதான்: “யாரும் வந்து பார்க்கலை.” மின்சாரம் போனதால் மோட்டார் ஓடவில்லை, மோட்டார் ஓடாததால் குடிக்கத் தண்ணீர் இல்லை. செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. சாலைகளில் மரங்கள் குறுக்கே கிடந்தன. அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி நவம்பர் 20 அன்று ஹெலிகாப்டரில் வந்தார். மழையால் அந்தப் பயணம் பாதியில் நின்றது. மேலே பறந்து பார்த்தால் தென்னந்தோப்பின் சேதம் தெரியும், தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் குடங்கள் தெரியாது என்ற குமுறல் அப்போது எழுந்தது.

இந்த இடைவெளியை அகலமாக்கிய இன்னொரு காரணத்தையும் குறிப்பிட வேண்டும். 2016 அக்டோபர் முதலே தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் அப்போது இருக்கவில்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வகித்தார்கள். நள்ளிரவில் கதவைத் தட்டிக் கேட்க ஊராட்சித் தலைவரோ வார்டு உறுப்பினரோ இல்லாத ஊரில், சாலைக்கு வருவதே அரசிடம் பேசுவதற்கு மிஞ்சிய வழி.

ஆயினும் இது தீரக்கூடிய கோபம். தண்ணீரும் மின்சாரமும் வரவர அது தணிந்தது. தணியாமல் நின்றது அடுத்து வந்த கோபம்தான்.

3. கணக்கெடுப்பு: தங்கிவிட்ட கசப்பு

தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய் இழப்பீடு, வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என அரசு அறிவித்தது. காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டு எடுத்து, பின் தலைமுறைக்கும் பலன் தரும் மரத்துக்கு இது போதாது என்பது முதல் முறையீடு. அதைவிட ஆழமான சிக்கல் எண்ணும் முறையில் இருந்தது. கணக்கெடுக்க ஆள் வருமுன் விழுந்த மரத்தை அகற்றினால் ஆதாரம் போய்விடும். அகற்றாமல் போட்டுவைத்தால் அடுத்த வெள்ளாமைக்கு வழியில்லை. விவசாயி தன் தோப்புக்கே காவல் இருக்க வேண்டியதாயிற்று.

மரம் யாருடையது என்ற கேள்விக்கு விடை சொன்னவை நில ஆவணங்களான சிட்டாவும் அடங்கலும். டெல்டாவில் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் பல தலைமுறைகளாகக் குடியிருந்தும் பயிரிட்டும் வருபவர்கள் ஏராளம். வாய்மொழிக் குத்தகைக்காரர்களும் அப்படியே. உழைத்தவர் ஒருவர், பட்டாவில் பெயர் உள்ளவர் வேறொருவர். மரமே இல்லாமல் மரத்தை நம்பி வாழ்ந்தவர்களோ எந்தப் பத்தியிலும் அடங்கவில்லை: மரமேறிக் காய் பறிப்பவர், மட்டை உரிப்பவர், கீற்று முடையும் பெண்கள், கயிற்று ஆலைக் கூலிகள். தோப்பு போனதோடு அவர்களின் பல ஆண்டு வருமானமும் போனது. இழப்பீட்டு அளவுகோலோ மரத்தின் எண்ணிக்கை.

முகாமில் ஒரே வரிசையில் தட்டேந்தியவர்களைப் பட்டியல் பிரித்தது. அடுத்த வீட்டுக்கு வந்தது தனக்கு ஏன் வரவில்லை என்பதற்கு எழுத்தில் பதில் இல்லாதபோது, அந்த இடத்தை ஊகம் நிரப்புகிறது: கட்சிக்காரன் பேர் இருக்கு, சாதிக்காரனுக்குப் போட்டுக்கொடுத்துட்டாங்க. ஊகம் சில இடங்களில் தவறாகவும் இருக்கலாம். அதைப் பொய் என்று காட்டும் வசதியும் மக்களிடம் இல்லை என்பதே கவனிக்கத்தக்கது.

மேல்மட்டத்திலும் இதே கதைதான். மாநில அரசு ஏறக்குறைய 15,000 கோடி ரூபாய் கேட்டது. மத்திய அரசு முதலில் 353.70 கோடியும், 2018 டிசம்பர் 31 அன்று 1,146.12 கோடியும் ஒதுக்கியது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடைப்பட்ட தொலைவு எந்தக் கணக்கில் வந்தது என்பது தோப்புக்காரருக்கு விளங்கவில்லை.

4. மின்கம்பம் தரும் சான்று

மக்கள் அரசையே வெறுத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. பிற மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்த மின்வாரிய ஊழியர்கள், நடவு வயல்களின் சேற்றில் இடுப்பளவு இறங்கிக் கம்பத்தைத் தோளில் சுமந்தார்கள். ஊர்க்காரர்களும் கயிறு பிடித்து இழுத்தார்கள், குழி தோண்டினார்கள், சோறு போட்டார்கள். வருவாய்த்துறை ஜீப்பை மறித்த அதே வட்டாரங்கள்தான் இவை.

வேறுபாடு எளிது. லைன்மேனின் வேலை கண்முன் நடந்தது. எத்தனை கம்பம் நட்டார் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கலாம். விளக்கு எரிந்தால் தெருவுக்கே எரியும். தகுதி கேட்டு எரியாது. சேதத்தைக் கணக்கெடுத்த கிராம நிர்வாக அலுவலரின் வேலையோ நோட்டுக்குள் நடந்தது. அவரும் இரவு பகலாக உழைத்தவர்தான். அவருடைய உழைப்பை ஊர் பார்க்க இயலவில்லை.

5. ஒப்புநோக்கு: 2004, 2017

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும் ஓர் ஒருங்கிணைப்பு மையத்தின் வழியே இணைந்து இயங்கியது நம்பிக்கையை வளர்த்தது. அதே வேளையில், மீனவர் பஞ்சாயத்துகளின் வழியே நிவாரணம் சென்ற இடங்களில் தலித்துகளும் விவசாயக் கூலிகளும் விடுபட்டார்கள். பட்டியலை ஊர் அமைப்பிடம் ஒப்படைத்தால் மட்டும் நியாயம் வந்துவிடாது என்பதற்கு இது சான்று.

2017 ஒக்கிப் புயலில் எச்சரிக்கையே பொய்த்தது; கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் முன்பே கடலுக்குள் போயிருந்தார்கள். பின் எழுந்த பூசலின் மையம் காணாமல்போனவர்களின் எண்ணிக்கை. அரசு ஒரு கணக்குச் சொன்னது. பங்குத்தந்தையர் ஊர் ஊராகத் தொகுத்தது வேறாக இருந்தது. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் மக்கள் ரயிலை மறித்தார்கள்.

6. செய்யத்தக்கவை

பட்டியலை ஊர் சரிபார்க்க வழிசெய்யப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 அதன் 61ஆம் பிரிவில் நிவாரணத்தில் பாலினம், சாதி, சமூகம், பரம்பரை, மதம் சார்ந்த பாகுபாட்டைத் தடுக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, நிர்வாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. இவற்றை நடைமுறையாக்க மூன்று போதும்.

அ. கணக்கெடுப்புப் பட்டியலை ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டுதல். சேர்க்கப்பட்டவரோடு விடுபட்டவரின் பெயரும் காரணமும் இருத்தல்.

ஆ. நூறு நாள் வேலைத் திட்டத்தில் பழகிய சமூகத் தணிக்கையை நிவாரணத்துக்கும் விரித்தல்.

இ. பட்டாவுக்கு மாற்றாகக் குத்தகைதாரரையும் கூலித் தொழிலாளரையும் அடையாளம் காணும் பதிவேட்டைப் புயல் வராத மாதங்களிலேயே ஆயத்தமாக வைத்தல்.

முடிவுரை

பட்டியலை ஒட்டினால் சண்டை மூளும் என அதிகாரிகள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால் ஒட்டாத பட்டியலும் சண்டையைத் தடுத்ததில்லை. அதைச் சாலைக்குக் கொண்டுவந்ததுதான் மிச்சம். கஜாவின் பாடம் அடுத்த புயலுக்கும் நேரடியாகப் பொருந்துகிறது. முகாமுக்கு வா என்று அரசு மறுபடி அழைக்கும்போது, கடந்த முறை பட்டியலில் விடுபட்டவரும் அந்தக் குரலைக் கேட்டு வர வேண்டும். எனவே கணக்கெடுப்பை நேர்செய்வதும் அடுத்த புயலுக்கான முன்னெச்சரிக்கைப் பணியே.